டெல்லியை விட்டு பெங்களூர் வந்தாச்சு: ரெண்டு டிரங்குப் பெட்டி குளிர்த்துணியை என்ன செய்வது?

ஆர்கேபுரம் வாசி – நவம்பர் 18, இரவு 9:42

எல்லோருக்கும் வணக்கம். 26 வருஷம் டெல்லியில் இருந்துவிட்டு இந்த ஜூனில் பெங்களூர் வந்திருக்கிறோம். ஜே.பி. நகரில் நாலாவது மாடி, வடக்குப் பார்த்த வீடு. நான், கணவர், ஏழாவது படிக்கும் பையன், 78 வயசு மாமியார்.

லாரியில் சாமான் ஏற்றும்போது சோபாவைக்கூட விற்றுவிட்டேன். குளிர்த்துணியை விட மட்டும் மனசு வரவில்லை. மூன்று ரஜாய் (தடித்த பஞ்சுப் போர்வை), குளிருக்கு உள்ளே போடும் இன்னர் ஆளுக்கு நாலு செட், காஷ்மீரி கேட் மொனாஸ்டரி மார்க்கெட்டில் வாங்கிய தடித்த ஜாக்கெட்டுகள், குல்லா, மஃப்ளர், கையுறை. இதெல்லாம் போக மாமியார் தன் கையால் பின்னிய ஸ்வெட்டர் மட்டும் பதினாலு. குளிர்கால மத்தியானங்களில் குவார்ட்டர்ஸ் புல்தரையில் உட்கார்ந்து, வெயில் காய்ந்துகொண்டே, பக்கத்து வீட்டுப் பஞ்சாபி அம்மாவிடம் கற்றுக்கொண்டு பின்னியது.

இங்கே வந்தால் "பெங்களூரில் ஏது குளிர்" என்கிறார்கள். சரி என்று பெட்டியைத் திறக்காமலே இருந்தேன். போன வாரம் மூன்று நாள் விடாமல் தூறல். மாமியார் நடுங்கிவிட்டார். "டெல்லியில்கூட எனக்கு இப்படி நடுங்கினதில்லை" என்றார். பயந்துபோய் தடித்த ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுவிட்டேன். நாலாம் நாள் பளிச்சென்று வெயில். பதினோரு மணிக்குள் முதுகெல்லாம் வியர்த்து, அந்த ஈரத்தோடேயே உட்கார்ந்திருந்து, இப்போது இருமல். பையனோ காலையில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு போய், சாயங்காலம் அதைப் பையில் சுருட்டிக்கொண்டு வருகிறான். கணவர் அரைக்கை டி-ஷர்ட்டில் நடைப்பயிற்சி போகிறார்.

ஒரே வீட்டில் மூன்று பேருக்கும் மூன்று விதம். இங்கே ரொம்ப நாளாக இருப்பவர்கள் சொல்லுங்கள்: நிஜமாக என்ன உடுத்துகிறீர்கள்? எதை வைத்துக்கொள்வது, எதைக் கொடுத்துவிடுவது?

---

கரோல்பாக் 2011 – நவம்பர் 18, இரவு 10:15

அக்கா, நானும் டெல்லிதான். எல்லாத்தையும் கொடுத்துடுங்க. 2019 டிசம்பர் 30 ஞாபகம் இருக்கா? சஃப்தர்ஜங் வானிலை நிலையத்துல அன்னைக்குப் பகல் உச்சமே 9.4 டிகிரி. அதைப் பார்த்தவங்களுக்கு இதெல்லாம் குளிரே இல்லை. ஜனவரில டெல்லி ராத்திரி சராசரி 7, 8 டிகிரி. இங்க 15, 16. நான் வந்து எட்டு மாசம் ஆச்சு, ஒரு முழுக்கைச் சட்டைகூட எடுக்கலை. இங்க 20 டிகிரிக்கு குல்லா போட்டுட்டு நடக்கறவங்களைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு.

---

வேளச்சேரி தம்பி – நவம்பர் 18, இரவு 10:31

குல்லா போடுற ஆட்கள்ல நானும் ஒருத்தன் சார். சென்னையில பிறந்து வளர்ந்தவன். ஜனவரியில விடிகாலையில 20, 21 டிகிரி வந்தாலே எங்க தெருவுல எல்லோரும் குளிர்னு சொல்லுவாங்க. இங்க 16-ல பல் தந்தியடிக்குது, அது எனக்கு நிஜமாவே குளிர். உங்களுக்குக் குளிரலைங்கறதுக்காக என் குளிர் பொய் ஆயிடாது.

---

அல்சூர்க்காரன் – நவம்பர் 18, இரவு 11:20

ரெண்டு பேரும் சரிதான், சண்டை வேண்டாம். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அல்சூர்தான். நான் பார்த்த வரைக்கும் வடக்கேர்ந்து வர்றவங்க எல்லோருக்கும் முதல் வருஷம் இதே கதை. முதல் குளிர்காலத்துல சட்டை பட்டனைத் திறந்து விட்டுட்டு நடப்பாங்க. ரெண்டாவது வருஷம் ஸ்வெட்டர் எங்கன்னு தேடுவாங்க. மூணாவது வருஷம் எங்களைவிட முன்னாடி எடுத்துடுவாங்க. உடம்பு இடத்துக்குப் பழகிடும். கரோல்பாக் சார், நீங்க இன்னும் ஒரு குளிர்காலம்கூட முழுசா பார்க்கலை. எட்டு மாசம்னா மார்ச்ல வந்திருப்பீங்க. டிசம்பர் வரட்டும், அப்புறம் பேசுவோம்.

ஆர்கேபுரம் மேடம், உங்க மாமியார் சொன்னதை லேசா எடுத்துக்காதீங்க. அவங்க சொல்றது ஞாயம். இந்த ஊர்ல ரெண்டு குளிர் இருக்கு. ஒண்ணு தூறல் குளிர். அக்டோபர் கடைசிலேர்ந்து டிசம்பர் பாதி வரைக்கும் வங்காள விரிகுடாவுல ஏதாவது ஒண்ணு உருவாச்சுன்னா இங்க நாலு நாள் மூடிக்கும். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிகிட்ட ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தப்ப இங்க ரெண்டு நாள் சூரியனையே பார்க்கலை. தெர்மாமீட்டர்ல பெரிசா ஒண்ணும் இறங்கியிருக்காது, ஆனா பகலுக்கும் ராத்திரிக்கும் வித்தியாசமே இல்லாம, துணி காயாம, சுவர் சில்லுன்னு, எலும்புல போய் உட்காரும். ரெண்டாவது குளிர் அதுக்கப்புறம் வர்றது: வானம் தெளிஞ்சு, காலையில 15, மத்தியானம் 27, 28. ரெண்டுக்கும் ஒரே துணி போட்டா உங்க வீட்டுல நடந்ததுதான் நடக்கும்.

கன்னடத்துல குளிருக்கு "சளி"ன்னு பேரு. சின்ன வயசுல பள்ளிக்கூடத்துல டீச்சர் "சளி இதெயா"ன்னு கேட்டா நான் மூக்கைத் தொட்டுப் பார்த்துப்பேன்.

---

ஜெயநகர் தமிழாசிரியை – நவம்பர் 19, காலை 6:50

அல்சூர்க்காரர் சொன்ன இரண்டு குளிருக்கும் நம்மிடம் பழைய பெயர்களே இருக்கின்றன. ஐப்பசி, கார்த்திகை கூதிர். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. கூதிர் என்பது ஈரமும் காற்றும் சேர்ந்த குளிர். தென் மாவட்டங்களில் இன்றும் "கூதலா இருக்கு" என்று சொல்வார்கள். சென்னைவாசிகளுக்குக் கூதிர் என்றால் மழை மட்டும்தான் தெரியும், ஏனென்றால் அங்கே மழை வந்தாலும் புழுக்கம் மிச்சம் இருக்கும். இந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து 920 மீட்டர் மேலே இருப்பதால் கூதிர், முன்பனி இரண்டும் அதனதன் குணத்தோடு வருகின்றன.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பது இங்கே பாதிதான் பொருந்தும். மாசி பிறந்ததும் மத்தியானம் காந்த ஆரம்பித்துவிடும். சிவராத்திரியோடு குளிர் "சிவ சிவா" என்று போய்விடும் என்று இங்கே கன்னடத்திலும் சொல்கிறார்கள். ஆகவே உங்கள் டெல்லிக் கணக்குப்படி ஹோலி வரை துணியை வெளியே வைத்திருக்க வேண்டியதில்லை.

---

ரிங் ரோடு ரைடர் – நவம்பர் 19, பகல் 1:05

நான் ராத்திரி ஷிஃப்ட். மாரத்தஹள்ளியிலேர்ந்து எலக்ட்ரானிக் சிட்டி, பைக்ல. விடியக்காலை நாலரைக்குத் திரும்புவேன். மூணு குளிர்காலம் தப்பு பண்ணினதுக்கு அப்புறம் கண்டுபிடிச்சது இது: இங்க குளிர் காத்துல இருக்கு.

சும்மா நிக்கும்போது நம்ம உடம்பைச் சுத்தி சூடான காத்து ஒரு படலமா இருக்கும். ஸ்வெட்டர் பண்றதெல்லாம் அந்தப் படலத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான். அம்பது கிலோமீட்டர் வேகத்துல வண்டி போனா அந்தப் படலம் பிச்சுக்கிட்டுப் போயிடும். கையால பின்னின ஸ்வெட்டர்ல கண்ணுக்குக் கண் ஓட்டை. வீட்டுல அதுமாதிரி கதகதப்பு வேற எதுலயும் வராது, வண்டியில ஒரு பிரயோஜனமும் இல்லை. ரெண்டு ஸ்வெட்டர் போட்டும் எனக்கு நெஞ்சு உறைஞ்சு போச்சு. அதே ஒரு டி-ஷர்ட், மேல மெல்லிசா ஒரு விண்ட்சீட்டர், முன்பக்கம் கழுத்து வரைக்கும் ஜிப் போட்டா போதும். எங்க அப்பா லாரி ஓட்டினவர். ஒசூர்லேர்ந்து ராத்திரி ஏறும்போது சட்டைக்குள்ள நெஞ்சுக்குக் குறுக்கே தினத்தாளை மடிச்சு வெச்சுப்பார். அவசரத்துக்கு நானும் செஞ்சிருக்கேன், நல்லாவே கேக்கும்.

விரல் மறந்துடாதீங்க. பிரேக் பிடிக்க விரல் மடங்கலேன்னா குளிரைவிட அதுதான் ஆபத்து. அக்கா, உங்க டெல்லிக் கையுறையை வண்டி ஓட்டறவங்க யாருக்காவது கொடுங்க. ஹெல்மெட்டுக்குள்ள காதை மூடற மாதிரி மெல்லிசு துணி ஒண்ணு கட்டிக்கறது நல்லது.

விண்ட்சீட்டரை ஆபீஸ் உள்ள போனதும் கழட்டிடணும். அதுக்குள்ள காத்து வராதுங்கறதால வேர்வையும் வெளிய போகாது.

---

கரோல்பாக் 2011 – நவம்பர் 19, இரவு 8:30

வேளச்சேரி தம்பி, மன்னிச்சுக்கங்க. யோசிக்காம எழுதிட்டேன். அல்சூர் சார் சொன்ன மாதிரி நான் மார்ச்லதான் வந்தேன்.

---

செம்பூர் மாமி – நவம்பர் 19, இரவு 9:10

நாங்கள் டெல்லியிலிருந்து மும்பை போனவர்கள். அங்கே ஜனவரி விடியலில் 16, 17 டிகிரி வரும், அதுவும் சில நாள்தான். கடல் பக்கத்தில் இருப்பதால் எட்டு மணிக்கே போய்விடும். காலை ஐந்தே முக்கால் லோக்கலில் கதவருகே நிற்பவர்களுக்கு ஒரு மெல்லிய சால்வை. அவ்வளவுதான். ஸ்வெட்டரை அங்கே எடுத்துப்போய் நான் கண்டது பூஞ்சைதான். பெங்களூரில் இருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை பெட்டிக்குள் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

பனியன் நகரம் – நவம்பர் 20, காலை 11:25

திருப்பூர்க்காரன். பதினாறு வருஷம் அங்கே நிட்டிங்கிலும் மெர்ச்சண்டைசிங்கிலும் இருந்துட்டு இப்ப பீன்யாவில் ஒரு கார்மென்ட் யூனிட்டில் இருக்கேன். துணி பத்தித்தான் கேள்வி, அதனால விரிவாவே சொல்றேன், பொறுத்துக்குங்க.

ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் இருக்கோ அதுதான் ஜி.எஸ்.எம். நீங்க தினமும் போடற டி-ஷர்ட் 160லேர்ந்து 180. டெல்லிக்காரங்க கேக்கற, உள்பக்கம் பஞ்சு மாதிரி சீவி விட்ட ஃப்ளீஸ் துணி 300க்கு மேல. சீவி விட்ட அந்த முடிதான் காத்தைப் பிடிச்சு வைக்குது. அதைப் போட்டுக்கிட்டு பெங்களூர்ல காலை ஒன்பது மணிக்கு மேல இருக்க முடியாது. இந்த ஊருக்கு வேண்டியது நடுவுல இருக்கற துணி: லூப்நிட். உள்பக்கம் சின்னச் சின்ன வளையமா இருக்கும், சீவியிருக்க மாட்டாங்க. 240லேர்ந்து 280 ஜி.எஸ்.எம். காலையில போதும், பத்து மணிக்கு உறுத்தாது, கழட்டினா பையில அடங்கும். கடையில போனா வெளிப்பக்கம் பார்த்து வாங்காதீங்க. உள்பக்கத்தைத் திருப்பிக் கையை வெச்சுப் பாருங்க. வளையம் தெரிஞ்சா எடுங்க, பஞ்சா இருந்தா விட்டுடுங்க.

லூதியானா வேற, திருப்பூர் வேற. லூதியானா டெல்லிக் குளிருக்கு நெய்யற ஊரு: கம்பளி, அக்ரிலிக். திருப்பூர் பருத்தி. உங்க பெட்டியில இருக்கற ஜாக்கெட்டுக்கு இங்க வேலை இல்லை. ஆனா மெல்லிசான கம்பளி ஏதாவது இருந்தா அதைக் கொடுத்துடாதீங்க. தூறல் நாளுக்குப் பருத்தி கைகொடுக்காது. பருத்தி ஈரத்தைக் குடிச்சு வெச்சுக்கும், சீக்கிரம் காயாது, காயற வரைக்கும் உடம்புச் சூட்டைத்தான் உறிஞ்சும். கம்பளி கொஞ்சம் ஈரமானாலும் கதகதப்பு விடாது. உங்க மாமியாருக்கு வேர்த்ததுமே இருமல் வந்ததுக்கு ஜாக்கெட்டை மட்டும் குத்தம் சொல்ல முடியாது. உள்ளே ஈரமான பருத்தி ரவிக்கை ஒட்டிக்கிட்டு இருந்திருக்கும். அதை உடனே மாத்தியிருந்தா பாதி சரியாயிருக்கும்.

இன்னரை முழுசா தூக்கிப் போடாதீங்க. மேல் பாகம் மட்டும், கை இல்லாத ரகம் இருந்தா, வயசானவங்களுக்கு உதவும். கீழ் பாகம் வேண்டவே வேண்டாம்.

---

ஆர்கேபுரம் வாசி – நவம்பர் 20, பகல் 2:40

பனியன் நகரம் சார், ரவிக்கை விஷயம் அப்படியே நடந்தது. மாற்றத் தோன்றவே இல்லை எனக்கு. டெல்லியில் மாமியார் குளிர் நாலு மாசமும் பின்னலாக வரும் கம்பளி ரவிக்கைதான் போடுவார். இங்கே பருத்திக்கு மாறிவிட்டார். புடவை கட்டுகிறவர்களுக்கு இடுப்பிலும் முதுகிலும் காற்று நேராகப் படுகிறது. அதற்கு என்ன செய்வது?

---

கோவை மருமகள் – நவம்பர் 20, பகல் 3:15

எங்க ஊர்ல பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்தை ஊதக்காத்துன்னு சொல்லுவோம். எங்க அம்மாச்சி அந்த நாள்ல பழைய பட்டுப் புடவையைத்தான் கட்டுவாங்க. விசேஷத்துக்குக் கட்டி நைஞ்சு போன பட்டு. பட்டு உடம்புக்கு இதமா இருக்கும், கனமும் இல்லை. நானும் மார்கழி பூரா கோயிலுக்கு அதையே கட்டறேன், முழங்கை தாண்டி வர்ற ரவிக்கையோட. மேல முன்பக்கம் திறக்கற கார்டிகன். தலை வழியா மாட்டற ஸ்வெட்டரைப் புடவைமேல போட்டா கழட்டும்போது கொண்டை, மடிப்பு எல்லாம் கலைஞ்சுடும், அதனாலயே பெரியவங்க கழட்டாம உட்கார்ந்திருப்பாங்க. பட்டன் வெச்சதுன்னா தானே கழட்டிப்பாங்க.

---

வார்டு சிஸ்டர் – நவம்பர் 20, இரவு 11:50

டூட்டி முடிஞ்சு இப்பதான் பார்த்தேன். முதியோர் பிரிவுல இருபது வருஷமா நர்ஸ். கோவை மருமகள் சொன்ன பட்டன் விஷயம் ரொம்ப முக்கியம்.

வயசானவங்களுக்குத் தசை குறைஞ்சு போயிருக்கும், நடுக்கத்தால சூடு உண்டாக்கற சக்தியும் குறைவு. நமக்கு 22 டிகிரி சுகமா இருக்கும்போது அவங்களுக்கு நிஜமாவே குளிரும். "டெல்லியிலேயே தாங்கினீங்களே அம்மா"ன்னு கேக்காதீங்க. அங்க அறையில ப்ளோயர் ஹீட்டர் ஓடும், மத்தியானம் வெயில்ல உட்காருவாங்க, ராத்திரி ரஜாய். இங்க அந்த மூணும் இல்லை. வடக்குப் பார்த்த வீடுன்னு எழுதியிருக்கீங்க, டிசம்பர்ல உங்க பால்கனிக்குள்ள நேர் வெயிலே வராது.

பாதத்தைக் கவனிங்க. பெங்களூர் வீடுகள்ல கிரானைட், டைல்ஸ் தரை. குளிர் அங்கேருந்துதான் ஏறும். ஆனா சாதாரண சாக்ஸ் போட்டு டைல்ஸ்ல நடக்க விடாதீங்க. டிசம்பர், ஜனவரி மாசத்துல இடுப்பு எலும்பு முறிஞ்சு வந்தவங்களை நான் பார்த்திருக்கேன், சாக்ஸோட ராத்திரி பாத்ரூம் போய் வழுக்கினவங்க. அடியில ரப்பர் புள்ளி வெச்ச சாக்ஸ், இல்லேன்னா சாக்ஸோட பின்பட்டி உள்ள செருப்பு. சர்க்கரை நோய் இருந்தா பாதத்துல வெந்நீர்ப் பை வைக்காதீங்க, உணர்ச்சி குறைஞ்சிருந்தா வெந்து போனதே தெரியாது.

உடம்புக்கு: உலர்ந்த மெல்லிய பருத்தி உள்ளாடை, மேல கையில்லாத ஸ்வெட்டர், அதுக்கும் மேல சால்வை. நடு உடம்பு சூடா இருந்தா கை காலும் சூடாகும். கை திறந்திருந்தா வேர்க்காது, சமையல் வேலையும் செய்யலாம். என் நோயாளிகள்ல இந்த ஊர்க் குளிருக்குச் சரியா உடுத்தற பெரியவங்க பெரும்பாலும் இப்படித்தான் இருக்காங்க.

இன்னொண்ணு. பெட்டியில அந்துருண்டை போட்டிருப்பீங்க. அந்தத் துணியை எடுத்தவுடனே யாருக்கும் போடாதீங்க, முக்கியமா கைக்குழந்தைக்கு. ரத்த அணுக்கள்ல ஜி6பிடிங்கற நொதி குறைவா உள்ள குழந்தைக்கு, அந்துருண்டையில இருக்கற நாப்தலீன் பட்ட துணியால ரத்த அணுக்கள் சிதைஞ்சு மஞ்சள் காமாலை வரலாம். துவைச்சு, ரெண்டு மூணு நாள் வெயில்ல போட்ட பிறகு கொடுங்க. தானம் கொடுக்கும்போதும் இது பொருந்தும், யார் வீட்டுக் குழந்தை போட்டுக்கும்னு நமக்குத் தெரியாது.

---

இயற்பியல் வாத்தியார் – நவம்பர் 21, காலை 7:30

டெல்லி மத்தியான வெயிலும் பெங்களூர் மத்தியான வெயிலும் ஒன்றல்ல. டிசம்பர் 21 அன்று உச்சிப் பொழுதில் டெல்லியில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 38 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். இங்கே 53 டிகிரிக்கு மேல். அங்கே இரண்டு மணி நேரம் புல்தரையில் காயலாம். இங்கே பதினொன்றரைக்கு மேல் அரை மணியில் மண்டை காயும். பெரியவர்களை வெயிலில் உட்கார வைப்பதென்றால் எட்டரை முதல் பத்து மணி. வீட்டில் வெயில் வரவில்லை என்றால் கீழே பார்க்கிங் பக்கமோ மொட்டை மாடியோ.

என்றைக்கு ஸ்வெட்டர் என்று வெதர் ஆப் பார்ப்பதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரியை ஒட்டி உறையும். அதை அறையில், ஜன்னலிலிருந்து தள்ளி, கண்ணாடிப் பாட்டிலில் வையுங்கள். ஒன்பது மணிக்கும் அது வெள்ளையாக இருந்தால் உங்கள் அறையின் நிஜமான குளிர் அதுதான். விமான நிலையத்தில் எத்தனை டிகிரி என்பது உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொருந்தாது. விமான நிலையம் இருக்கும் தேவனஹள்ளி, நகரத்தைவிடக் குளிர்ந்த இடம், அங்கே மூடுபனியில் விமானங்களே தாமதமாகும்.

---

அல்சூர்க்காரன் – நவம்பர் 21, இரவு 10:05

வாத்தியார் சொன்ன எண்ணெய் எங்க வீட்டுலயும் நடக்கும். அம்மா பாட்டிலை வெயில்ல வெச்சுட்டுத்தான் எனக்குத் தலைவாரி விடுவாங்க.

பையன் விஷயம் யாரும் சொல்லலையே. பள்ளி வேன் ஆறே முக்காலுக்கா? அந்த நேரம் 16 டிகிரி. மூணு மணிக்கு வரும்போது 27. பதினோரு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரே துணி கிடையாது. கழட்டத்தான் போடறோம்ங்கறதை அவனுக்குச் சொல்லிக் கொடுங்க, கழட்டினதுக்குத் திட்டாதீங்க. வியர்த்த பிறகு கழட்டறதுதான் தப்பு, புழுங்கறதுக்கு முன்னாடியே கழட்டணும். ஸ்வெட்டர் கழுத்துப் பட்டியில பேர் எழுதுங்க, இல்லேன்னா ஒரு சீசனுக்கு மூணு வாங்குவீங்க.

படுக்கைக்கு ரஜாய் வேண்டாம். ஒரு சோலாப்பூர் சாதர் (பருத்திப் போர்வை), தூறல் நாள்ல அதுக்கு மேல ஒரு சென்னிமலைப் போர்வை. ரெண்டு மெல்லிசு ஒரு தடிப்பைவிட மேல், நடு ராத்திரி ஒண்ணை உதைச்சுத் தள்ளலாம். கம்பளியே வேணும்னா இந்த மண்ணோட கம்பளி இருக்கு, சள்ளக்கெரே பக்கம் குறும்பர்கள் தக்காண ஆட்டு முடியில நெய்யறது. கறுப்பா, முரடா இருக்கும், தோல்மேல படாம சாதருக்கு மேல போட்டுக்கணும். தூறல்ல ஆடு மேய்க்கறவங்க அதைத்தான் தலைமேல போட்டுக்கிட்டு நிப்பாங்க.

---

வேளச்சேரி தம்பி – நவம்பர் 22, காலை 9:00

அக்கா, ரஜாய், ஜாக்கெட் எல்லாம் கொடுக்கறதா இருந்தா இங்கேயே யாருக்காவது கொடுத்துட்டா அவங்களுக்கும் பெட்டியிலதான் கிடக்கும். குளிர் இருக்கற ஊருக்குப் போகட்டும். 1999-ல டெல்லியில ஆரம்பிச்ச கூஞ்ச் அமைப்பு பெங்களூர்லயும் துணி வாங்கிக்கறாங்க.

---

மூணாவது குளிர்காலம் – நவம்பர் 22, இரவு 9:45

நொய்டாவிலிருந்து வந்தவள். எல்லாத்தையும் கொடுத்துட்டு, அடுத்த ஜனவரில நாத்தனார் கல்யாணத்துக்கு மூணு பேரும் டெல்லி போய், ரயில் நிலையத்துலேர்ந்து நேரா கடைக்குப் போனோம். ஆளுக்கு ஒரு முழு செட் ஒரே பெட்டியில தனியா வையுங்க. அந்தப் பெட்டியைச் சாதாரண நாளுக்குத் திறக்காதீங்க.

பெட்டியில வேப்பிலை, வசம்பு போதும். ஆனா எந்தத் துணியையும் ஒரு தடவை போட்டதைத் துவைக்காம மடிச்சு வைக்காதீங்க. பூச்சி கம்பளியைத்தான் தின்னும், அதுவும் வேர்வைக் கறை, எண்ணெய்க் கறை இருக்கற இடத்தைத் தேடித் தின்னும். என் மாமனார் சால்வையில கழுத்துப் பக்கம் மட்டும் ஓட்டை ஓட்டையா போச்சு.

அந்தப் பதினாலு ஸ்வெட்டரைப் பத்தி யாரும் ஒண்ணும் சொல்லலையே. கையால பின்னினதுன்னா பிரிச்சுத் திரும்பப் பின்னலாம். ஊல் சுருண்டு சுருண்டு வரும், நாற்காலி முதுகுல சுத்திக் கண்டு போட்டு, வெதுவெதுப்பான தண்ணியில முக்கி, கீழ கனமா ஏதாவது கட்டித் தொங்கவிட்டா நேராயிடும். மாமியாருக்குக் கண்ணும் கையும் ஒத்துழைச்சா கேட்டுப் பாருங்க.

---

ஆர்கேபுரம் வாசி – ஜனவரி 21, இரவு 10:10

பொங்கல் முடிந்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். எல்லோருக்கும் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இரண்டு ரஜாய், பெரிய ஜாக்கெட்டுகள் எல்லாவற்றையும் துவைத்து, வெயிலில் போட்டு, கொடுத்தாகிவிட்டது. கணவருடைய ஜாக்கெட்டை அவர் டிசம்பரில் ஆபீஸ் வேலையாகப் போனபோது கையோடு எடுத்துப்போய்ப் பழைய குவார்ட்டர்ஸ் காவலாளிக்குப் போட்டுவிட்டு வந்தார். ஒரு பெட்டி "டெல்லி" என்று எழுதி பரணில் இருக்கிறது.

பையனுக்கு லூப்நிட் ஒன்று வாங்கினோம். கடையில் அவனே உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தான். இதுவரை தொலைக்கவில்லை.

கணவர் டிசம்பர் இரண்டாம் வாரத் தூறலில் முழுக்கைக்கு மாறினார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்வெட்டரைப் பிரிக்கலாம் என்று மாமியாரிடம் கேட்க எனக்கு ஒரு மாசம் ஆனது. அவற்றில் ஒரு சாம்பல் நிற முழுக்கை ஸ்வெட்டர் மாமனாருக்காகப் பின்னியது. அவர் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அதைத் தொடவே கூடாது என்று நினைத்திருந்தேன். நான் தயங்கித் தயங்கிக் கேட்டதும் மாமியார் பெட்டியிலிருந்து முதலில் எடுத்தது அதைத்தான். "இது நல்ல ஊல், அமிர்தசரஸ்லேர்ந்து வரவழைச்சது, பூச்சி திங்கறதுக்கா வெச்சிருக்கேன்" என்றார். கையில் அவர் தையல் பிரிக்க, நான் நாற்காலியில் சுற்ற, இரண்டு நாள் வீடெல்லாம் சாம்பல் நிற நூல்.

கண் முன்பு போல இல்லை, கண்ணி தவறுகிறது. காலை எட்டரைக்கு மொட்டை மாடியில் நாற்காலி போட்டுவிடுகிறேன், பத்து மணிக்கு வாத்தியார் சொன்னபடி இறக்கிவிடுகிறேன். அந்த ஒன்றரை மணி நேரத்தில் எட்டு வரிசை, பத்து வரிசை. முன்பக்கம் பட்டன் வைத்த கையில்லா ஸ்வெட்டர் ஒன்று அவருக்கே முடிந்துவிட்டது. புடவை மேல் போட்டுக்கொள்கிறார், சமையலறைக்கு வரும்போது தானே கழட்டி ஆணியில் மாட்டுகிறார். இருமல் வரவில்லை.

பழைய ஸ்வெட்டரின் இரண்டு கைக்கும் போன நூல் மிச்சம் இருந்தது. அதில் பையனுக்கு சாக்ஸ் ஆரம்பித்திருக்கிறார். ஒரு கால் முடிந்தது. வார்டு சிஸ்டர், அடியில் ரப்பர் புள்ளி வைக்க வீட்டிலேயே ஏதாவது வழி இருக்கிறதா?

---

வார்டு சிஸ்டர் – ஜனவரி 21, இரவு 11:35

இருக்கு. கைவேலை சாமான் கடையில துணிக்கு வைக்கற பஃப் பெயின்ட் கேளுங்க. சாக்ஸை அட்டையில மாட்டி அடியில புள்ளி புள்ளியா வெச்சு, ஒரு நாள் காய விட்டு, மேல துணி போட்டு லேசா இஸ்திரி காட்டுங்க. குதிகாலுக்குக் கொஞ்சம் நெருக்கமா வையுங்க. அம்மாவுக்கும் ஒரு ஜோடி பின்னிக்கச் சொல்லுங்க.